உலகக் கோப்பையே ஆடாத யாரி லித்மானெனை எந்த வரிசையில் வைப்பது?

பத்தாம் எண் கேட்கிறார்:

வணக்கம். நானும் என் நண்பர் ஒருவரும் பத்து நாட்களாக ஒரே விவாதத்தில் இருக்கிறோம். இருவருக்கும் தெரிந்த செய்திகள் தீர்ந்துவிட்டதால் உங்களிடம் கொண்டுவருகிறேன். பேச்சு ஃபின்லாந்தின் யாரி லித்மானெனைப் பற்றியது. உலகக் கோப்பையிலோ, ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ போட்டியிலோ ஒரு நிமிடம்கூட ஆடாத ஒருவரைத் தொண்ணூறுகளின் மிகச் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர்களின் வரிசையில் சேர்க்க இயலாது என்பது நண்பரின் கட்சி. எந்த நாட்டில் பிறக்கிறோம் என்பதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே அந்த ஒரு குறையை மட்டும் வைத்து ஓர் ஆட்டக்காரரை அளக்கக் கூடாது என்பது என் கட்சி.

எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் 1971 பிப்ரவரி 20 அன்று லாஹ்தி நகரில் பிறந்தார். தந்தை ஒலாவி அதே ஊரின் ரெய்பாஸ் அணிக்கும் ஃபின்லாந்து தேசிய அணிக்கும் ஆடியவர். மகன் 1987இல், பதினாறு வயதில், ரெய்பாஸின் முதல் அணிக்கு வந்தார். பிறகு ஹெல்சின்கியின் எச்.ஜே.கே., அதன்பின் மூபா, 1992இல் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் என்று படிப்படியாக ஏறினார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதின் 1995ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஜார்ஜ் வேயாவுக்கும் யுர்கென் கிளின்ஸ்மனுக்கும் அடுத்து மூன்றாம் இடம் பெற்றார். ஃபின்லாந்துக்காக 137 ஆட்டங்கள் ஆடி 32 கோல்கள் அடித்தார்.

எண்களை வைத்து நண்பரிடம் வாதிட முடிகிறது. ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் ஆடுகளத்தில் என்ன நடந்தது என்பதை என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அவரை நடுக்கள ஆட்டக்காரர் என்பது சரியா, முன்கள ஆட்டக்காரர் என்பது சரியா? ஃபின்லாந்து எப்போதாவது ஒரு பெரிய போட்டியின் வாசல்வரை வந்ததுண்டா? காயங்கள் அவருடைய ஆட்ட வாழ்வை எந்த அளவுக்குத் தின்றன? அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வைரமுனை எழுதுகிறார்:

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். அது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அயாக்ஸின் அந்தக் காலத்து ஆட்டங்களை முழுப் பதிவுகளாகத் தேடிப் பிடித்துப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

லூயி வான் கால் பயிற்றுநராக இருந்த அந்த அணி மூன்று தடுப்பாளர்கள், நால்வர் கொண்ட நடுக்களம், மூன்று முன்கள ஆட்டக்காரர்கள் என்ற அமைப்பில் ஆடியது. நடுக்களத்து நால்வரும் ஒரு வைரத்தின் வடிவில் நிற்பார்கள். அந்த வைரத்தின் மேல்முனையில் நின்றவர் லித்மானென். ஓரங்களில் இடப்பக்கம் ஓவர்மார்ஸும் வலப்பக்கம் ஃபினிடி ஜார்ஜும் கோட்டை ஒட்டியே நின்று எதிரணித் தடுப்பை அகலமாக இழுத்துப் பிடிப்பார்கள். நடு முன்களத்தில் இருப்பவர், பெரும்பாலும் ரொனால்ட் தெ போயர், கோலுக்கு முதுகைக் காட்டியபடி பின்னோக்கி இறங்கி வருவார். அவரைப் பின்தொடர்ந்து எதிரணியின் நடுத் தடுப்பாளரும் நகர்ந்தாக வேண்டும். அந்தத் தடுப்பாளர் விட்டுவந்த இடத்துக்குள் யாரும் எதிர்பாராத நொடியில் நுழைபவர்தான் லித்மானென். அவர் அங்கே முன்கூட்டியே போய் நிற்பதில்லை. அதனால்தான் அவரை நடுக்கள ஆட்டக்காரர் என்று சொல்வதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். முன்கள ஆட்டக்காரரை ஒரு தடுப்பாளர் பொறுப்பேற்றுக் கண்காணிக்கலாம்; நடுக்களத்திலிருந்து தாமதமாகக் கிளம்பி வருபவரை யார் கவனிப்பது என்பதில் எதிரணிக்குள் எப்போதும் ஒரு குழப்பம் இருக்கும். அந்தக் குழப்பத்தில் வாழ்ந்தவர் அவர்.

டென்னிஸ் பெர்க்காம்ப் 1993இல் இன்டர் மிலானுக்குப் போனபோது அந்த இடத்தை நிரப்ப ஆளில்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள். முதல் ஆண்டைப் பெரும்பாலும் வெளியே அமர்ந்து கழித்திருந்த ஃபின்லாந்துக்காரருக்குப் பத்தாம் எண் சட்டை கிடைத்தது. அந்த 1993-94 பருவத்தில் அவர் நெதர்லாந்து லீகில் 26 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார். 1992 முதல் 1999 வரையிலான முதல் தவணையில் லீகில் மட்டும் 159 ஆட்டங்களில் 91 கோல்கள். இது ஒரு நடுக்கள ஆட்டக்காரரின் கணக்கு என்பதை நண்பரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

ஆனால் கோல்களைவிட என்னை ஈர்ப்பது பந்து எதிரணியிடம் இருக்கும்போது அவர் செய்யும் வேலை. அயாக்ஸ் பந்தை இழந்த மறுகணம் முதலில் ஓடுபவர் அவர்தான். பந்தை வைத்திருப்பவரை நோக்கி நேராக ஓடமாட்டார். எதிரணியின் ஆட்டத்தைக் கட்டியெழுப்பும் நடுக்கள வீரருக்குப் பந்து போகும் வழியை முதலில் தன் உடலால் மூடிவிட்டு, பிறகுதான் நெருங்குவார். பந்தைப் பிடித்திருப்பவருக்கு ஓரமாகத் தள்ளுவதைத் தவிர வேறு வழி இருக்காது, அங்கே அயாக்ஸின் ஆட்கள் காத்திருப்பார்கள். இன்று இதை எல்லா அணிகளும் பாடமாகக் கற்பிக்கின்றன. 1994இல் இவ்வளவு துல்லியமாக இதைச் செய்த பத்தாம் எண் ஆட்டக்காரர் வேறொருவரை நான் பார்த்ததில்லை.

ஓர் ஆட்டத்தை மட்டும் பாருங்கள் என்று சொல்லச் சொன்னால், 1994 நவம்பரில் த்ரியெஸ்தே நகரில் நடந்த ஏசி மிலானுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவின் உச்சக் கிளப் போட்டி) குழு ஆட்டத்தைச் சொல்வேன். ஆறு மாதங்களுக்கு முன்பு இறுதியாட்டத்தில் பார்சலோனாவை 4-0 என்று நொறுக்கிய மிலான் அது. ஆட்டம் தொடங்கிய வேகத்திலேயே லித்மானென் கோல் அடித்தார். அயாக்ஸ் 2-0 என்று வென்றது. ஆம்ஸ்டர்டாமில் நடந்த முதல் ஆட்டத்திலும் இதே கணக்கில் வெற்றி, அதிலும் அவர் ஒரு கோல் அடித்திருந்தார். அரையிறுதியில் பயர்ன் மியூனிக்கை 5-2 என்று வென்ற இரவில் அவருடையவை இரண்டு. அந்தப் பருவத்தில் அயாக்ஸ் உள்நாட்டு லீகிலும் சாம்பியன்ஸ் லீகிலும் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. வியன்னாவில் மிலானை மூன்றாம் முறையாக வென்று கோப்பையை எடுத்த 1995 மே 24 அன்று, லித்மானெனை வெளியே அழைத்துக்கொண்டு களமிறக்கப்பட்ட பதினெட்டு வயது பாட்ரிக் கிளைவர்ட்தான் வெற்றிக் கோலை அடித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு அவர் இன்னும் மேலே போனார். 1995-96 சாம்பியன்ஸ் லீகில் 9 கோல்களுடன் முதலிடம். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பனதினைகோஸிடம் சொந்த மண்ணிலேயே 0-1 என்று தோற்ற அயாக்ஸ், ஏதென்ஸில் 3-0 என்று திருப்பிக் கொடுத்தது. அதில் இரண்டு அவருடையவை. ரோமில் நடந்த இறுதியாட்டத்தில் யுவென்டஸுக்கு எதிராகச் சமன்செய்த கோலும் அவருடையதே. பெனால்டிகளில் அயாக்ஸ் தோற்றது. அவர் தன் பெனால்டியைத் தவறவிடவில்லை.


வடக்கு விளக்கு எழுதுகிறார்:

வைரமுனை அயாக்ஸைச் சொல்லிவிட்டார். நான் ஃபின்லாந்தைச் சொல்கிறேன். ஏனென்றால் இந்த விவாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த நாட்டில் கால்பந்தின் இடம் எது என்று பார்க்க வேண்டும். ஐம்பது லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை, நீண்ட பனிக்காலம், லீக் போட்டிகள் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிந்துவிடும். மக்களின் மனத்தை ஆள்வது ஐஸ் ஹாக்கி. அதற்கொரு சாட்சியாக ஒரே மாதத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை எண்ணிப் பாருங்கள். 1995 மே 7 அன்று ஸ்டாக்ஹோமில் ஃபின்லாந்து ஐஸ் ஹாக்கி அணி சுவீடனை 4-1 என்று வென்று முதன்முறையாக உலகப் பட்டம் பெற்றது. நாடே தெருவில் இறங்கியது. பதினேழு நாட்கள் கழித்து வியன்னாவில் ஒரு ஃபின்லாந்துக்காரர் ஐரோப்பாவின் உச்சக் கோப்பையைக் கையில் ஏந்தினார். இன்று எண்ணிப் பார்த்தால், அந்த இரண்டாவது சாதனை அளவில் சிறியதன்று என்றே எனக்குப் படுகிறது.

இப்போது வாசல்வரை வந்த கதைகளுக்கு வருகிறேன். மிகவும் வலித்தது 1997 அக்டோபர் 11. 1998 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், ஹெல்சின்கியில் ஹங்கேரிக்கு எதிராக. வென்றால் குழுவில் இரண்டாம் இடமும் அதன்வழி பிளே-ஆஃப் என்ற கடைசித் தகுதி ஆட்டங்களுக்கான வாய்ப்பும் உறுதி. 1992இல் டென்மார்க்கை யூரோ வாகையராக்கிய ரிச்சர்ட் மொல்லர் நீல்சன்தான் அப்போது ஃபின்லாந்தின் பயிற்றுநர். அந்தி சுமியாலா அடித்த கோலால் 1-0 என்று முன்னிலை. தொண்ணூறு நிமிடங்களும் முடிந்து கூடுதலாகச் சேர்த்த நேரத்தில், ஹங்கேரி எடுத்த கார்னரிலிருந்து பிறந்த நெரிசலில் பந்து இங்குமங்கும் மோதி, ஃபின்லாந்தின் கோல்கீப்பர் மொய்லானென் மேல் பட்டுத் தன் வலைக்குள்ளேயே போய் விழுந்தது. சேம் சைடு கோல், 1-1. ஹங்கேரி 12 புள்ளிகள், ஃபின்லாந்து 11. பிளே-ஆஃபுக்குப் போன ஹங்கேரி யூகோஸ்லாவியாவிடம் 1-7, 0-5 என்று சிதைந்தது வேறு கதை. அங்கே ஃபின்லாந்து போயிருந்தாலும் முடிவு என்னவாகியிருக்கும் என்று எவரும் உறுதிகூற முடியாது. ஆனால் லித்மானெனுக்கு அப்போது வயது இருபத்தாறு என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்து 2002 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. குழுவில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் சேர்ந்தே வந்துவிட்டன. சிறிய நாடுகளின் தலைவிதி குலுக்கலிலேயே பாதி எழுதப்பட்டுவிடுகிறது: பழைய முடிவுகளின் அடிப்படையில் தரம் பிரித்துப் பானைகளில் போடும்போது, கீழ்ப்பானையில் இருக்கும் நாட்டுக்கு மேல்பானைகளிலிருந்து குறைந்தது இரண்டு வலுவான அணிகள் வந்து சேரும், அவற்றிடம் தோற்றால் தரம் மீண்டும் கீழேயே நிற்கும். அந்தக் குழுவில் ஃபின்லாந்து ஹெல்சின்கியில் இங்கிலாந்துடன் 0-0, ஜெர்மனியுடன் இரு ஆட்டங்களிலும் சமன், கிரீஸை 5-1 என்று வென்றது. அத்தனையும் செய்து கிடைத்தது மூன்றாம் இடம்.

கடைசியாக யூரோ 2008 தகுதிச் சுற்று. முதல் ஆட்டத்திலேயே, 2006 செப்டம்பரில், போலந்தை அதன் மண்ணில் 3-1 என்று வீழ்த்தினார்கள். முப்பத்தைந்து வயது லித்மானென் இரண்டு கோல்கள் அடித்தார். ராய் ஹாட்ஜ்சன் பயிற்றுவித்த அந்த அணி எளிதில் கோல் வாங்காத அணி. ஆனால் இடையில் அசர்பைஜானிடம் 0-1 என்று தோற்றது. கடைசி நாளில் போர்த்துகலை போர்டோவில் வென்றாக வேண்டும் என்ற நிலை, ஆட்டம் 0-0. முடிவில் போலந்து 28, போர்த்துகல் 27, செர்பியாவும் ஃபின்லாந்தும் தலா 24.

நண்பரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். லித்மானென் தேசிய அணிக்கு வந்த 1989ஐ ஒட்டிய காலத்தில் யூரோவில் ஆடிய அணிகள் எட்டு. 1996 முதல் பதினாறு. அவர் ஓய்வு பெற்ற பிறகு, 2016இல்தான் அது இருபத்துநான்கானது. ஃபின்லாந்து முதன்முதலில் தகுதிபெற்ற யூரோ 2020, அந்த விரிவான அமைப்பில், குழுவில் இத்தாலிக்கு அடுத்த இரண்டாம் இடத்தால் கிடைத்தது. அந்தத் தலைமுறையின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. கதவின் அகலம் வேறு என்பதைத்தான் சொல்கிறேன்.


சீர்தூக்கி எழுதுகிறார்:

இருவரும் எழுதியவற்றை மரியாதையோடு படித்தேன். நானும் லித்மானெனின் ஆட்டத்தை நேசிப்பவன்தான். ஆனாலும் பத்தாம் எண்ணின் நண்பர் பக்கத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

உலகக் கோப்பை ஆடாதது ஒரு குறையே அல்ல என்று ஒதுக்கிவிடலாம். 1995இல் பாலோன் தோர் வென்ற ஜார்ஜ் வேயாவும் லைபீரியாவுக்காக உலகக் கோப்பை ஆடியதில்லை. அந்த ஆண்டின் முதல் மூவரில் இருவர் உலகக் கோப்பையே காணாதவர்கள் என்றால், அந்த அளவுகோல் அன்றே உடைந்துவிட்டது. என் தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. உச்சத்தில் அவர் எத்தனை ஆண்டுகள் இருந்தார்? 1993 முதல் 1996 வரையிலான மூன்று பருவங்கள் ஐயத்துக்கு இடமில்லாதவை. அதன்பிறகு காயங்கள். கணுக்காலும் காலின் தசைகளும் மாறிமாறி அவரை வெளியே அமர்த்தின. 1998இல் அயாக்ஸ் லீகும் கோப்பையும் சேர்த்து வென்றபோது அவரும் இருந்தார். ஆனால் 1995இல் கண்ட அந்தத் தொடர்ச்சி திரும்பவில்லை.

1999இல் வான் கால் அவரைப் பார்சலோனாவுக்கு அழைத்துக்கொண்டார். பழைய ஆசிரியர், பழைய அமைப்பு, சேர்ந்து ஆடிய பல நெதர்லாந்துக்காரர்கள். எல்லாம் கூடிவந்ததாகத் தோன்றியது. ஆனால் அங்கே அதே நடு இடத்தை விரும்பியவர் ரிவால்டோ. அந்த ஆண்டின் பாலோன் தோரை வென்ற கையோடு, இனி இடது ஓரத்தில் ஆடமாட்டேன் என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார். அணியின் ஒழுங்கே குலைந்தது. 2000இல் வான் கால் விலகினார். அடுத்து வந்தவர் லித்மானெனைக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளவில்லை. ஸ்பெயின் லீகில் அவர் ஆடியவை 21 ஆட்டங்கள், அடித்தவை மூன்று கோல்கள்.

2001 ஜனவரியில், சிறுவயதிலிருந்து நேசித்த லிவர்பூலுக்கு வந்தார். ஃபின்லாந்துக்காரரான சாமி ஹூப்பியா ஏற்கெனவே அங்கே தடுப்பின் தூணாக இருந்தார். இருவரும் 1992இல் மூபா அணியில் ஒன்றாக இருந்தவர்கள். அந்தப் பருவத்தில் லிவர்பூல் லீக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை, யுஇஎஃப்ஏ கோப்பை மூன்றையும் வென்றது. ஆனால் மார்ச் 24 அன்று ஃபின்லாந்துக்காக இங்கிலாந்தை எதிர்த்து ஆடும்போது லித்மானெனின் மணிக்கட்டு முறிந்தது. அந்த ஆட்டம் நடந்த இடம் ஆன்ஃபீல்ட், அதாவது லிவர்பூலின் சொந்த அரங்கம். தான் கனவு கண்ட அணியின் புல்தரையில், தன் நாட்டின் சட்டையோடு விழுந்து, மே மாதத்து இறுதியாட்டங்கள் இரண்டையும் அவர் இழந்தார். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. லிவர்பூலுக்காக லீகில் 26 ஆட்டங்கள், ஐந்து கோல்கள். பயிற்றுநர் ஜெரார் ஊலியே இன்னும் கூடுதலாக அவரைக் களமிறக்கியிருக்க வேண்டும் என்று அந்த அணியின் ரசிகர்கள் பலர் இன்றும் சொல்வதில் நியாயம் உண்டு. 2002 ஏப்ரலில் லெவர்குசெனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மாற்று ஆட்டக்காரராக வந்து அவர் அடித்த கோல் லிவர்பூலை அரையிறுதிக்குள் தள்ளும் நிலையில் இருந்தது. சில நிமிடங்களில் லெவர்குசெனின் லூசியோ அடித்த கோல் அதைப் பறித்துக்கொண்டது.

ஆகவே என் தீர்ப்பு இது: உச்சத்தில் அவரோடு நிற்கத்தக்கவர்கள் அந்தக் காலத்தில் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள், ஆனால் அந்த உச்சம் குறுகியது. அவரை எந்த வரிசையில் வைப்பது என்று கேட்டால், உயரத்தைப் பார்க்கிறீர்களா நீளத்தைப் பார்க்கிறீர்களா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஃபின்லாந்தில் பிறந்ததால் அவர் இழந்தது கோடைகாலப் போட்டிகளை. உடலால் இழந்தது அதைவிட அதிகம்.


வைரமுனை மறுபடியும் எழுதுகிறார்:

சீர்தூக்கி ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 1995 டிசம்பரில் வந்த பொஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பணமின்றி அணி மாறலாம் என்றானது. அயாக்ஸ் அணி ஆள் ஆளாகக் கலைந்தது. டேவிட்ஸும் ரெய்சிகரும் 1996இலும், கிளைவர்ட் 1997இலும் மிலானுக்குப் போனார்கள். ஓவர்மார்ஸ் ஆர்சனலுக்குப் போனார். லித்மானென் 1999 வரை இருந்தார். அந்த வைரத்தின் மற்ற மூலைகள் காலியான பிறகும் மேல்முனை அங்கேயே நின்றது. காயங்கள் மட்டுமல்லாமல், அவருடைய ஓட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு உணர்ந்து பந்தைக் கொடுத்தவர்கள் இல்லாமற்போனதும் அந்தச் சரிவில் ஒரு காரணம் என்பது என் கருத்து. மற்றவர்களின் நகர்வைச் சார்ந்து நேரம் கணிக்கும் ஆட்டக்காரருக்கு, புதிய கூட்டாளிகள் என்பது புதிய மொழி கற்பதைப் போன்றது.


பத்தாம் எண் எழுதுகிறார்:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஹெல்சின்கி ஆட்டத்தைப் பற்றிய பத்தியை நண்பருக்கு அனுப்பினேன். வழக்கமாக உடனே பதில் அனுப்புபவர், மாலைவரை ஒன்றும் எழுதவில்லை.

இன்னொரு ஐயம். அவர் 2004இல், முப்பத்துமூன்று வயதில், லாஹ்திக்கே திரும்பிப் போனார் என்று படித்தேன். ஆனால் வடக்கு விளக்கு 2006இல் அவர் போலந்துக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்ததாக எழுதியிருக்கிறார். அப்படியானால் ஊர் திரும்பியது ஓய்வுக்காக இல்லையா? பிற்காலத்தைப் பற்றி யாராவது எழுத முடியுமா?


ஏரிக்கரை எழுதுகிறார்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் எழுதுகிறேன்.

2002இல் லிவர்பூலிலிருந்து அயாக்ஸுக்கே திரும்பினார். இரண்டு பருவங்கள் இருந்தார். 2004இல் எஃப்சி லாஹ்திக்குப் போனார். அவர் சிறுவனாக ஆடிய ரெய்பாஸும் அதே நகரின் கூசுசியும் 1996இல் இணைந்து உருவான அணி அது. கூசுசி 1986இல் ஐரோப்பியக் கோப்பையின் (சாம்பியன்ஸ் லீகின் பழைய வடிவம்) காலிறுதிவரை போன அணி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பனிச்சறுக்குத் தாவலுக்குப் பெயர்பெற்ற அந்த நகரத்துக்குக் கால்பந்து புதிதன்று. ஆனால் அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. 2005 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹன்சா ரோஸ்டாக்குக்குப் போனார். அந்த அணி லீகிலிருந்து கீழிறங்கியது. பிறகு சுவீடனின் மால்மோவில் 2007 வரை. 2008இல் ஹாட்ஜ்சன் அவரை லண்டனின் ஃபுல்ஹாமுக்கு அழைத்தார். முதல் அணிக்கு ஓர் ஆட்டமும் ஆடாமலே அங்கிருந்து கிளம்பினார். மீண்டும் லாஹ்தி, 2010 வரை.

முப்பத்தைந்து வயதுக்குப் பின் இப்படி அலைந்தது எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. என் விடை எளிது. அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் தேசிய அணியை விடவில்லை. 1996 முதல் 2008 வரை அதன் தலைவராக இருந்தார். ஃபின்லாந்துக்கு ஆடுவதற்காக உடலை ஆட்டத்தில் வைத்திருக்க வேண்டும்; அதற்கு ஏதோ ஓர் அணி வேண்டும். 1989 அக்டோபரில் டிரினிடாட் டொபாகோவுக்கு எதிராக முதல் ஆட்டம். 2010 நவம்பர் 17 அன்று சான் மரினோவுக்கு எதிராகக் கடைசி ஆட்டம். நான்கு பத்தாண்டுகளில் தன் நாட்டுக்காக ஆடியவர் என்று சொல்லத்தக்கவர்கள் உலகில் மிகச் சிலரே. அந்தக் கடைசி ஆட்டத்தில் ஃபின்லாந்து 8-0 என்று வென்றது. ஒரு பெனால்டியை அவர் வலைக்குள் அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 39ம் 270 நாட்களும். யூரோ தகுதிச் சுற்றில் கோல் அடித்தவர்களில் மூத்தவர் என்ற பெயர் அன்று அவருக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் லாஹ்தியின் கிசாபுயிஸ்தோ அரங்கின் அருகே அவருக்குச் சிலை திறந்திருந்தார்கள். சிலை வைத்த பிறகும் தகுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தவர் என்று இன்னொருவரைச் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

அதன்பிறகும் முடியவில்லை. 2011இல், நாற்பது வயதில், ஹெல்சின்கியின் எச்.ஜே.கே. அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டு அந்த அணி லீகையும் கோப்பையையும் வென்றது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1991இல், இளைஞராக ஆடிய அதே அணி. 2011இன் முதற்பாதியில் அவரோடு அங்கே ஆடியவர்களில் ஒருவர் தேமு புக்கி. ஆகஸ்டில் ஷால்கேவுக்கு எதிரான யூரோப்பா லீக் தகுதி ஆட்டங்களில் மூன்று கோல்கள் அடித்த அந்த இளைஞரை ஷால்கேவே வாங்கிக்கொண்டது. 2019 நவம்பரில் லிக்டென்ஸ்டைனை 3-0 என்று வென்று ஃபின்லாந்து முதல் யூரோவுக்குத் தகுதிபெற்ற இரவில் இரண்டு கோல்கள் அடித்தவர் புக்கி. 2021இல் லித்மானெனின் 32 கோல்கள் என்ற கணக்கைத் தாண்டியவரும் அவரே.

சீர்தூக்கி உயரமா நீளமா என்று கேட்டார். அயாக்ஸின் பத்தாம் எண்ணாக அவரிடம் இருந்தது உயரம். ஃபின்லாந்தின் பத்தாம் எண்ணாக அவரிடம் இருந்தது நீளம். இரண்டும் ஒரே மனிதருடையவை. நண்பர் முதலாவதை மட்டும் பார்த்து இரண்டாவதைக் குறையாக எண்ணுகிறார் என்று தோன்றுகிறது.


சீர்தூக்கி எழுதுகிறார்:

ஏரிக்கரை சொன்னது சரி. நான் அளந்தது கிளப் ஆட்டத்தை மட்டும்தான். இருபத்தோராண்டுகளில் 137 ஆட்டங்கள் என்ற எண்ணை, உடல் ஒத்துழைக்காத ஒருவரின் எண்ணாக இதற்குமுன் நான் படித்துப் பார்க்கவில்லை. அவ்வளவு காயங்களுக்கு நடுவே ஒவ்வொரு முறையும் அழைப்புக்கு எழுந்து வந்தவர் என்று இப்போது படிக்கிறேன். உச்சம் குறுகியது என்ற கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.


பத்தாம் எண் எழுதுகிறார்:

நண்பர் இன்று காலை பதில் அனுப்பினார். வரிசையைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. த்ரியெஸ்தே ஆட்டத்தின் முழுப் பதிவு எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டிருக்கிறார். வைரமுனை, உங்களிடம் இருந்தால் தெரிவியுங்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து பார்க்கலாம் என்று நினைக்கிறோம்.